தாழ்ப்பாள் வாங்கியாயிற்று

மேஸ்திரி நூல் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஜெயமாலாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில், அஸ்திவாரக் கடைகாலுக்கு அடித்திருந்த முளைக்குச்சிகள் இரண்டு பிடுங்கிக்கொண்டன. நூல் காலில் சுற்றி அறுந்தது. மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் போய், காலையில் குடித்த கேழ்வரகுக் கூழை மொத்தமும் கொட்டிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்தபடி திரும்பினாள். கோவிந்தசாமி மேஸ்திரி அறுந்த நூலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் பார்த்தது அவளை இல்லை. அவள் புருஷனை.

“நயினாரே, ஒண்ணு கேக்கட்டுமா?”

செஞ்சிப் பக்கத்தில் ஜைன வீட்டு ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் நயினார்தான். புஷ்பதந்தன் எலிமெண்டரி ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். ஊரெல்லாம் சார் என்று கூப்பிட்டாலும், யாராவது நயினாரே என்று சொல்லும்போதுதான் அவனுக்கு முதுகு நிமிரும்.

“கேளுங்க மேஸ்திரி.”

“சம்பந்தப்பட்ட யாரு வூட்லயாவது பொம்பளைங்க முழுகாம இருக்கறப்ப வாசலுக்கு நெல வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களே... உங்க வூட்ல அதெல்லாம் பாப்பீங்களா?”

நிலை என்பது கதவு மாட்டுகிற மரச்சட்டம். அதை நிறுத்தாமல் முன்சுவர் எழும்பாது. முன்சுவர் எழும்பாமல் கூரை போட முடியாது. ஆக, நிலை இல்லையென்றால் ரூமே இல்லை.

கொத்தனார் தன் ஆசாரத்தை உரைத்துப் பார்க்கிறார் என்று புஷ்பதந்தன் எடுத்துக்கொண்டான். முதுகு நிமிர்ந்தது.

“பாக்காம? எங்க வம்சமே அதெல்லாம் ரொம்பப் பாக்கற வம்சம். எங்க தாத்தா அந்த ஒரு விஷயத்துக்காக எழும்பின சொவுத்தயே இடிச்சுத் தள்ளினவரு.”

அவனுடைய தாத்தா ஆயுசில் இடித்தது வெற்றிலை ஒன்றைத்தான். ஜெயமாலாவுக்கு அது தெரியும். ஆனால் வாய் கசந்துகொண்டிருந்ததால் சும்மா இருந்தாள்.

“ஆனா நம்ம வூட்ல அப்படி யாரும் இல்ல,” என்றான் புஷ்பதந்தன் அவசரமாக. “இவளுக்குப் பித்தம்.”

“பித்தம்,” என்றாள் ஜெயமாலாவும்.

மேஸ்திரியின் முகம் சுருங்கிப்போனது. “அப்ப சரி,” என்று முணுமுணுத்துவிட்டு, நூலை முடிச்சுப் போடக் குனிந்தார். சந்தேகம் தீரவில்லை அந்த ஆளுக்கு என்று அவள் நினைத்தாள்.

அது அறுபத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை. அவளுக்கு அப்போது இரண்டு மாதம்.

மேஸ்திரி சைக்கிள் ஏறிச் சிங்கவரம் போனதும் அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

“பாக்கறதில்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா இன்னா கொறஞ்சுபோயிடும்?”

“நீ இன்னா பேசற? அப்படிச் சொன்னா நம்மள மதிப்பானா? அவனே ஆசாரம் புடிச்சவன்போல இருக்குது, இல்லன்னா வேல ஆரம்பிக்கறப்பவே கேப்பானா? தெரிஞ்சா கரணையத் தூக்கிக்கினு போயிடுவான். ஒருத்தன் போட்ட கடகால்ல இன்னொருத்தன் கை வைக்க மாட்டான், தெரியுமில்ல?”

அது அவளுக்கும் தெரியும். செஞ்சியில் கொத்தனார்களுக்குள் அப்படி ஒரு கட்டுப்பாடு.

“இன்னிக்கி பசங்களுக்குப் போர்டுல இன்னா எழுதிப் போட்டீங்க?”

“உண்மையே பேசுன்னு.”

“நல்லா இருக்குது.”

“அது போர்டுக்கு,” என்றான் புஷ்பதந்தன்.

அந்த வீடு ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். கூடத்தில் தீர்த்தங்கரர் படம் இருந்தது. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் அங்கே படுக்கக் கூடாது, சமையல்கட்டுப் பக்கமும் வரக் கூடாது என்பது அவன் குடும்பத்துப் பழக்கம். பழக்கத்தை உண்டாக்கினவர்கள் யாரும் பிள்ளை பெற்றதில்லை. எல்லாரும் ஆண்கள்.

மூத்தவள் அனந்தமதி பிறந்தபோது ஜெயமாலா அந்த நாற்பது நாளையும் மாட்டுக்கொட்டாயில் கழித்தாள். நாலு கம்பு, மேலே கீற்று, முன்பக்கம் தொங்கவிட்ட கோணிப்பை. சாணி அள்ள வருகிறவள், வைக்கோல் போட வருகிறவன், பசுவை விலை பேச வந்த வல்லம் தரகன் என்று யார் வேண்டுமானாலும் கோணியைத் தூக்கிப் பார்க்கலாம். அவள் மாரில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். “பால் எவ்வளவு கறக்குது?” என்று அந்தத் தரகன் கேட்டான். பசுவைத்தான் கேட்டான். ஆனாலும் அந்தக் கேள்வி நாலு வருஷமாக அவள் காதில் இருந்தது.

அம்மா உயிரோடு இருந்தால் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள். அங்கே இப்போது அண்ணிதான் இருந்தாள்.

அதனால் இரண்டாவது தரித்ததும் அவள் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. “ஒரு ரூம் கட்டுங்க. அதுக்குக் கதவு இருக்கணும். கதவுக்கு உள்பக்கமா தாழ்ப்பா இருக்கணும்,” என்றாள். புஷ்பதந்தன் சரி என்றான். அவன் கெட்டவன் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த வாயில் அதைக் கெடுத்துவிடுகிற ஆள். அவ்வளவுதான்.

தாழ்ப்பாளை அவளே போய் வாங்கினாள். கடைவீதியில் இரும்புக்கடைக்காரர் கேட்டார்.

“கதவு எத்தன அடிம்மா?”

“கதவு இன்னும் செய்யல.”

“நெல?”

“மரம் வாங்கல.”

“ரூமு?”

“தாழ்ப்பா குடுய்யா,” என்றாள் ஜெயமாலா.

ஒரு சாண் நீளம், நல்ல கனம். அதைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். தினம் அரிசி எடுக்கும்போது ஒரு தடவை தொட்டுக்கொள்வாள்.

வைகாசி முடிவதற்குள் மேஸ்திரி மூன்று பக்கச் சுவரையும் தூக்கிவிட்டார். நல்ல வேலைக்காரர். ஆசாரி வந்து வேப்ப மரத்தில் நிலைச்சட்டமும் செய்துவிட்டுப் போனார். அதைக் கூடத்துச் சுவரில் சாத்தி வைத்தார்கள். புஷ்பதந்தன் அதில் தினமும் ஒரு தடவை இடித்துக்கொண்டான்.

நிலை வைக்கிற பேச்சை எடுத்தால் மட்டும் மேஸ்திரிக்கு ஏதாவது வந்துவிடும்.

“கத்திரி வெயிலு நயினாரே. இப்ப வெச்சா மரம் வாயத் தொறந்துக்கும்.”

கத்திரி முடிந்தது.

“பச்ச மரமா இருக்குது. காயட்டும்.”

கோட்டை மலைப் பாறையெல்லாம் பகல் முழுக்கக் குடித்த சூட்டைச் சாயங்காலம் ஊருக்குள் துப்பிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் மனிதர்களே காய்ந்து கருவாடாகியிருந்தார்கள். மரம் மட்டும் பச்சையாக இருந்ததாம்.

“சந்தேகப்படறான்,” என்றான் புஷ்பதந்தன். “உன் மேல கண்ணு வெச்சிருக்கறான். ஜாக்கிரதயா இரு.”

ஜாக்கிரதையாக இருப்பது சுலபமாக இல்லை. கொல்லையில் ஒரு மாமரம் இருந்தது. அந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருந்தது. வாய் ஊறி ஊறி அவளுக்குத் தாடை வலித்தது. மேஸ்திரி எதிரில் மாங்காயைத் தொட முடியுமா? தொட்டால் கதை கந்தலாகிவிடும். அந்த மனுஷனோ ஒருநாள் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“மாங்காயெல்லாம் சும்மா வுழுந்து கெடக்குதே. வூட்ல யாரும் தின்றதில்லயா?”

“யாரும் தின்றதில்ல,” என்றாள் ஜெயமாலா. “எனக்குப் புளிப்புன்னாலே ஆவாது.”

“அப்ப நான் எடுத்துக்கறேன்மா.”

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் மேஸ்திரி மடி நிறைய மாங்காய் கட்டிக்கொண்டு போனார். பிஞ்சு விடாமல் பறித்தார். அவள் சமையல்கட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் மாங்காய்கள் சைக்கிளில் ஏறிச் சிங்கவரம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எச்சிலை விழுங்கினாள். தாடி நரைக்கப்போகிற வயசில் இந்த ஆளுக்கு இவ்வளவு மாங்காய் எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை. பேராசை என்று முடிவு கட்டினாள்.

ஒருநாள் விடிகாலையில், வேலையாட்கள் வருவதற்கு முன்னால், மரத்தடியில் விழுந்திருந்த ஒரு மாங்காயைப் பொறுக்கி, உப்பும் மிளகாயும் தொட்டு மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் நின்று கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது கடி கடித்தபோது பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

சித்தாள் ஆண்டாள். மேஸ்திரியின் ஊர்க்காரிதான், சிங்கவரத்துச் சேரி. அன்றைக்கு மணல் சலிக்கச் சீக்கிரம் வந்திருந்தாள்.

“பித்தத்துக்கு மாங்கா தின்னலாமாம்மா?” என்றாள் ஆண்டாள்.

ஜெயமாலா வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள். பிறகு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். கோணிப்பையைச் சொன்னாள், தரகனைச் சொன்னாள், அரிசிப் பானைக்குள் இருக்கிற தாழ்ப்பாளைச் சொன்னாள்.

“மேஸ்திரிக்குத் தெரியக் கூடாது ஆண்டாளு. தெரிஞ்சா நெல வைக்க மாட்டாரு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணு.”

ஆண்டாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “சத்தியமா? இன்னும் ஒண்ணா?” என்றாள்.

அது ஜெயமாலா காதில் தெளிவாக விழுந்தது. இன்னொன்று என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஆண்டாளுக்குத் தண்ணீர் கொடுக்கிற தகரக் குவளை தனியாகக் கொல்லை மதில்மேல் கவிழ்த்துக் கிடக்கும். அப்படிப்பட்டவளிடம் சத்தியம் வாங்கத்தான் தோன்றியது. விஷயம் கேட்கத் தோன்றவில்லை.

“சத்தியம்,” என்று அவள் கையில் அடித்தாள் ஆண்டாள். பிறகு மடியிலிருந்து இன்னொரு மாங்காயை எடுத்துக் கொடுத்துவிட்டு மணல் சலிக்கப் போனாள்.

ஆனி பாதியில் வயிறு தெரிய ஆரம்பித்தது. முறத்தை முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள். குடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒருநாள் கையில் ஒன்றும் கிடைக்காமல் அனந்தமதியின் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

“இது ஆவாது,” என்றான் புஷ்பதந்தன். “நீ உங்க அண்ணன் வூட்டுக்குப் போயிட்டன்னு சொல்லிடறேன்.”

“அண்ணி ஒருவேள சோறு போட மாட்டாளே.”

“நிஜமா ஏன் போற? சமையல்கட்டுல இரு. எட்டு மணிக்கு ஆளுங்க வராங்க, அஞ்சரைக்குப் போயிடறாங்க. வெளிய வராத. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். எட்டிலிருந்து ஐந்தரைவரை ஒரு கர்ப்பிணி ஒன்பதடிக்கு ஏழடி சமையல்கட்டில் மூச்சு விடாமல் இருக்க வேண்டும். அவ்வளவேதான்.

முதல் நாளே புகை கிளம்பியது.

“நயினாரு ஸ்கூலுக்குப் போயிட்டாரு, அம்மா ஊருக்குப் போயிட்டாங்க. அப்ப அடுப்பு எரிக்கறது யாரு?” என்று மேஸ்திரி வெளியே கேட்டது அவள் காதில் விழுந்தது. அவசரமாக ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். புகை நாலு மடங்காகக் கிளம்பியது. ஆண்டாள்தான், “காலையில எரிச்சது அணையாம இருக்கும் மேஸ்திரி, நீ சாந்தக் கலக்கு,” என்று காப்பாற்றினாள்.

அதோடு பகல் சமையல் நின்றது. சாயங்காலம் சமைக்கலாம் என்றால், ஜைன வீட்டில் பொழுது சாய்ந்தபின் வாயில் பருக்கை வைக்கக் கூடாது. ஐந்தரைக்கு ஆட்கள் போய், அடுப்பு மூட்டி, உலை கொதிப்பதற்குள் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். ஆக, விடிகாலையில் வடித்த சோறுதான் அவளுக்கு மூன்று வேளையும். வயிற்றுப் பிள்ளை உதைக்கிற உதையிலேயே அதற்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

அனந்தமதிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மேஸ்திரி கேட்டார்.

“பாப்பா, அம்மா எங்க?”

“அம்மா சமையல்கட்டுல ஊருக்குப் போயிருக்குது,” என்றது குழந்தை.

புஷ்பதந்தன் இருமிய இருமலில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டது.

“குழந்த எதையோ உளறுது மேஸ்திரி. அம்மா ஞாபகம். சரி, இவதான் ஊர்ல இல்லியே. மரமும் காஞ்சிடுச்சு. நெல வெச்சுடலாமா?”

உள்ளே ஜெயமாலா சுவரில் காதை ஒட்டிக்கொண்டாள்.

“அம்மா இல்லாமயா?” என்றார் மேஸ்திரி. “நல்லா சொன்னீங்க போங்க. வூட்டுக்காரம்மா கையால மஞ்சளும் குங்குமமும் வெச்சாத்தான் நெல நிக்கும். நீங்க அதெல்லாம் ரொம்பப் பாக்கறவங்களாச்சே?”

“பாக்கறவங்கதான்...”

“அப்ப அம்மா வரட்டும். அவசரமே இல்ல நயினாரே. மெதுவா வரட்டும். கார்த்திககூட ஆவட்டும், நான் இன்னா ஓடியா போயிடறேன்?”

கதவு வைக்க அவள் இருக்கக் கூடாது. கதவு வைக்க அவள் இருந்தே ஆக வேண்டும். ஜெயமாலா அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷனை அதால் ஒரு போடு போடலாமா என்றும் யோசித்தாள்.

ஆடியில் நிலை வைக்கக் கூடாது. அந்த ஒரு மாதம் மட்டும் எல்லாருக்கும் ஒரே காரணம் இருந்தது. உள்பூச்சு வேலை மட்டும் நடக்க, கூரை இல்லாத அந்த மூன்று சுவரும் தெருவைப் பார்த்துச் சும்மா நின்றன. குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் வந்து, நல்ல சுவராக இருக்கிறதே என்று சிவப்பு முக்கோணம் போட்டு, “இரண்டு அல்லது மூன்று, போதும்” என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

ஆவணி பிறந்தது. அவளுக்கு ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது.

“ஒரு யோசன,” என்றான் புஷ்பதந்தன்.

“வேணாம்,” என்றாள் அவள்.

“கேளேன். நீ ஊர்லேந்து வந்துட்ட. ஆனா உனக்கு அம்ம போட்டிருக்குது. மொகம் காட்டக் கூடாது. சமையல்கட்டு ஜன்னல் வழியா கைய மட்டும் நீட்டற. நான் நெலய ஜன்னலாண்ட தூக்கிக்கினு வரேன். மஞ்சள் வைக்கற, குங்குமம் வைக்கற. முடிஞ்சுது.”

அவளுக்கு அதில் ஏதோ ஓட்டை இருப்பதாகப் பட்டது. ஆனால் இரண்டு மாதப் பழைய சோறு மூளையை மந்தமாக்கியிருந்தது. ஆவணியில் நிலை நின்றால் புரட்டாசிக்குள் கூரை. ஐப்பசி மழைக்கு முன்னால் கதவு. கணக்கு சரியாகத்தான் வந்தது. கையில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு ஜன்னலண்டை நின்றாள்.

நம்பும்படியாக இருக்கட்டும் என்று புஷ்பதந்தன் வாசலில் வேப்பிலைக் கொத்து வேறு கட்டிவிட்டான். சைக்கிளிலிருந்து இறங்கிய மேஸ்திரி வேப்பிலையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“யாருக்கு?”

“வூட்லதான் மேஸ்திரி. வந்த எடத்துல அம்ம கண்டுடுச்சு. ஆனா கைய மட்டும்...”

ஜன்னல் வழியாக மஞ்சள் பூசிய கை ஒன்று வெளியே வந்து ஆடியது.

மேஸ்திரி பத்தடி பின்னால் போனார். “அய்யய்யோ! மொதல்லயே சொல்லக் கூடாதா? அம்ம கண்ட வூட்லேந்து நான் எப்படி என் வூட்டுக்குப் போவேன்? என் வூட்ல...” என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். “ஆண்டாளு! சட்டிய வெச்சுட்டு வா! யாரும் உள்ள போவாதீங்க!”

சைக்கிள் போன வேகத்தில் கரணை விழுந்ததைக்கூட அவர் எடுக்கவில்லை. மஞ்சள் பூசிய கை ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மெதுவாக உள்ளே போனது.

அதன்பிறகு மேஸ்திரி வரவே இல்லை. புஷ்பதந்தன் இரண்டு தடவை சிங்கவரம் போய் வந்தான். முதல் தடவை, அம்மை இறங்கி அம்மாவுக்கு மூன்று தண்ணீர் ஊற்றட்டும் என்றாராம். இரண்டாம் தடவை, புரட்டாசியில் யாராவது நிலை வைப்பார்களா என்றாராம்.

“வாசப்படியிலயே மறிச்சு நின்னுக்கினு பேசறான். உள்ள வாங்கன்னு ஒரு வார்த்த இல்ல, உக்கார ஒரு பலக போடல,” என்றான் புஷ்பதந்தன். “அவ்வளவு ஆசாரம்.”

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்தில் இரண்டாவது மணி அடிக்கிற நேரத்தில், ஜெயமாலாவுக்கு வலி எடுத்தது. மாட்டுக்கொட்டாய் வேண்டுமே என்று பசுவை அவிழ்த்துக் கொண்டுபோய்ப் புது ரூமில் கட்டினார்கள். அது மூன்று சுவருக்கு நடுவில், கூரை இல்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப நாளாகக் குடியிருப்பதுபோல அசைபோட்டது. அந்த வீட்டில் தனி ரூம் கிடைத்தது அதற்குத்தான்.

இவளுக்குக் கிடைத்தது நாலு கம்பு, ஒழுகுகிற கீற்று, அதே கோணிப்பை. பகல் பன்னிரண்டுக்குப் பெண் பிறந்தது. புஷ்பதந்தன் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். உள்ளே ஒழுகுவது அவனுக்குத் தெரியவில்லை.

“ஜெயா,” என்றான் கோணிக்கு அந்தப் பக்கமிருந்து. “நான் நல்லதுக்குத்தான்...”

“போயி சோறு பொங்குங்க,” என்றாள். “சுடச்சுட.”

பதினாறாம் நாள் மழை விட்டிருந்தது. கோணியைத் தூக்கிக்கொண்டு ஆண்டாள் எட்டிப் பார்த்தாள். உள்ளே வரலாமா என்று நின்றாள்.

“வா. இது மாட்டுக்கொட்டாதானே,” என்றாள் ஜெயமாலா. “இங்க வர யாரும் யாரையும் கேக்கறதில்ல.”

ஆண்டாள் வந்து உட்கார்ந்தாள். குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். ஜெயமாலா தன் செம்பிலிருந்தே அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குவளையைத் தேடிப் போக அவளுக்கு உடம்பில் தெம்பில்லை. அதற்கு அப்புறமும் தேடப்போவதில்லை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

“மேஸ்திரி சொல்லி அனுப்பிச்சாரும்மா. நாளைக்கி காலையில நெல வைக்க வராராம்.”

ஜெயமாலா தலைமாட்டுத் துணியைப் பிரித்தாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. ஈரத்தில் கிடந்து, இழுத்தால் பாதியில் நின்றது.

“நாளைக்கா? இனிமே எதுக்கு? பொறந்தாச்சு. பதினாறு நாளு மழையில நனைஞ்சாச்சு. நெல வெச்சு, சொவுரெழுப்பி, கூர போடறதுக்குள்ள என் நாப்பது நாளும் இங்கயே முடிஞ்சுபோவும். அந்த ஒரு மனுஷனுக்குப் பயந்துதானே ரெண்டு மாசம் அடுப்படியில ஆறின சோத்தத் தின்னுக்கினு கெடந்தேன்? ஆச தீர ஒரு மாங்காகூட தின்னாம கெடந்தேன்? மொத நாளே வந்து கேட்டாரு பாரு, அதெல்லாம் பாப்பீங்களான்னு. அவரு மட்டும் அதெல்லாம் பாக்காத ஆளா இருந்திருந்தா, ஆண்டாளு, நான் இன்னிக்கி கதவச் சாத்திக்கினு படுத்திருப்பேன்.”

ஆண்டாள் செம்பைக் கீழே வைத்தாள். தாழ்ப்பாளை எடுத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

“அவரு எங்கம்மா பாத்தாரு? அவரு பொஞ்சாதியும் உன்னாட்டமே முழுகாமதான் இருந்துது, நேத்துதான் பெத்துது. நீங்க ரொம்பப் பாக்கறவங்கன்னு சொல்லப்போயி எழுப்பின சொவுத்த இடிச்சுடுவீங்கன்னு பயந்துபோயி மறைச்சாரு. உனக்குப் பண்ண அதே சத்தியத்த மொதல்ல நான் அவருக்குத்தானே பண்ணியிருந்தேன்?”